காரைக்குடி வீடுகளும் ரங்கூன் கணக்கும்

சினிமாவில் பண்ணையார் வீடு என்று ஒன்று காட்டுவார்களே... நீளத் திண்ணை, வழவழவென்று தூண்கள், நடுவில் வானம் தெரியும் முற்றம், தரையில் பூப்போட்ட கல். அந்த மாதிரி வீடு வேண்டும் என்றால் படம் எடுப்பவர்கள் நேராக வந்து இறங்குவது காரைக்குடிப் பக்கம்தான். நாமும் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு "என்னா வீடுடா!" என்று சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறோம். இதைக் கட்டுவதற்குக் காசு எங்கிருந்து வந்தது, இப்போது இது யாருடையது என்ற கேள்வி வருவதே இல்லை. பி.காம். படிக்கிறவனுக்கு மட்டும் வரும் போல. எங்கள் கண்ணுக்கு வீடு வீடாகத் தெரியாது, அசையாச் சொத்தாகத்தான் தெரியும் :-)

நான் கொல்லிமலைக்காரன். எங்கள் மலையில் பழைய வீடு ஒன்றைச் சுற்றிப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். மண் சுவர், சின்னத் திண்ணை, உள்ளே ஒரு அறை, அடுப்பு, மேலே தானியம் போட்டு வைக்கப் பரண். அவ்வளவுதான். அந்தக் கண்ணோடு போய் இந்த வீடுகளைப் பார்த்ததால் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே மலைப்பாக இருந்திருக்கலாம். வகுப்பு நண்பன் ஒருவனும் நானும் இரண்டு நாள் நடந்தோம். வழிகாட்டி யாரும் இல்லை. பார்த்ததையும், வந்த பிறகு தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். நீங்களும் போனால் உபயோகப்படும்.

முதலில் வழி. நாமக்கல், திருச்சி, புதுக்கோட்டை என்று வந்தால் திருமயம் தாண்டிக் காரைக்குடிக்கு முன்பே கானாடுகாத்தானுக்குப் பிரியும் சாலை வந்துவிடும். ஒரு நாள் அங்கே, ஒரு நாள் காரைக்குடி என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். காரைக்குடி இப்போது பெரிய ஊர், 2024 இல் மாநகராட்சியே ஆகிவிட்டது. பழைய வீடுகளுக்கு நடுவே செல்போன் கடையும் ஸ்வீட் ஸ்டாலும் புகுந்துகொண்டிருக்கின்றன. கொப்புடையம்மன் கோயிலை நடுவாக வைத்துக்கொண்டு சுற்றுத் தெருக்களில் நடந்தால் போதும், வீடுகள் தானாக வரும். கானாடுகாத்தான் இதற்கு நேர்மாறு. தெருவில் ஆளே இருக்காது. வெயில் நேரத்தில் நடந்தால் நம் செருப்புச் சத்தம் நமக்கே கேட்கும். இரண்டு பக்கமும் அரண்மனை அரண்மனையாக நிற்கும், எல்லாவற்றிலும் பூட்டு.

இந்தத் தெருக்களின் அமைப்பே ஒரு அதிசயம். கோடு போட்ட நோட்டு மாதிரி நேர் நேராக இருக்கும். பல வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில் என்றால் பின்வாசல் அடுத்த தெருவில். அதனால் ஒரு தெருவில் முகப்பாகப் பார்த்துக்கொண்டே போவீர்கள், அடுத்த தெருவில் திரும்பினால் வெறும் பின்சுவராக வரும். பயந்துவிடாதீர்கள், அதே வீடுதான்.

வீடுகளின் வயதைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. அடக்கமாக, ஒற்றை மாடியாக, முன்னால் மரத்தூண் வைத்த திண்ணையோடு இருந்தால் அது பெரும்பாலும் பழையது, 1800களின் பிற்பகுதி. முகப்பு உயர்ந்து, மாடி வந்து, வளைவுகளும் கைப்பிடிச் சுவரும் மேலே சுதைப் பொம்மைகளும் சேர்ந்திருந்தால் 1900க்குப் பிறகு. அந்தப் பொம்மைகளை நின்று பாருங்கள். நடுவில் கஜலட்சுமி இருப்பாள், ஓரத்தில் தொப்பி போட்ட வெள்ளைக்கார சிப்பாய் துப்பாக்கியோடு நிற்பான். லட்சுமிக்குக் காவல்! சிமெண்டில், நேர்கோடும் உதயசூரியன் மாதிரி கதிரும் போட்டு, கப்பல் மேல்தளம் மாதிரி பால்கனி வைத்திருந்தால் அது 1930கள், 40கள். பம்பாயில் அப்போது எந்த பாணி ஓடியதோ அதே பாணி இங்கேயும் வந்திருக்கிறது. காரைக்குடியில் எல்லோரும் போய்ப் பார்க்கும் ஆயிரம் ஜன்னல் வீடு 1941 இல் கட்டியதாகச் சொல்கிறார்கள். ஜன்னலை எண்ணிப் பார்க்க நண்பன் ஆரம்பித்தான், நாற்பதுக்கு மேல் பொறுமை இல்லை.

உள்ளே போவது எப்படி? பெரும்பாலான வீடுகள் தனியார் வீடுகள். சில வீடுகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள். ஆத்தங்குடியில் ஒரு பெரிய வீடு அப்படி இருக்கிறது. கானாடுகாத்தானில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனை 1912 இல் கட்டியது. மற்ற இடங்களில் வாசலில் நின்று கேட்க வேண்டும். மரியாதையாகக் கேட்டால், செருப்பை வெளியே விட்டால், போட்டோ எடுக்கலாமா என்று அனுமதி வாங்கினால், பத்தில் இரண்டு வீட்டில் உள்ளே விடுகிறார்கள். எங்களுக்கு அப்படித்தான் ஒரு வீடு கிடைத்தது. எண்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு ஆச்சி, துணைக்கு ஒரு வேலைக்கார அம்மா. அவ்வளவு பெரிய வீட்டில் இரண்டே பேர்.

"எந்த ஊருப்பா?" என்றார்.

"கொல்லிமலை ஆச்சி."

"மலைக்கு மேலயா? அங்கயும் காலேசு இருக்கா?"

கீழே வந்துதான் படிக்கிறோம் என்று சொன்னதும் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார்.

வாசல் தாண்டியதும் முகப்பு. இரண்டு பக்கமும் உயரத் திண்ணை. வரவு செலவுக்காரர்கள் உட்காரும் இடம், கணக்குப்பிள்ளை பெட்டியோடு உட்காரும் இடம் எல்லாம் இதுதான். அதாவது ஆபீஸ். அப்புறம் செதுக்கு வேலை செய்த பெரிய நிலைக்கதவு. அதைத் தாண்டினால் வளவு. நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தூண் வரிசை, அதற்குப் பின்னால் வரிசையாக அறைகள். அதற்கும் பின்னால் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, அடுப்படி, கிணறு. முதல் கதவில் நின்று பார்த்தால் கடைசிக் கதவு தெரிகிறது, சின்ன வெளிச்சப் புள்ளியாக.

பொருள்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று ஒரு பட்டியல் போட்டால் அது இறக்குமதிப் பதிவேடு மாதிரி இருக்கும். தேக்கு பர்மாவிலிருந்து. சலவைக்கல் இத்தாலியிலிருந்து. நிலைக்கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து. சுவரில் பதித்த பூ ஓடுகள் ஜப்பானிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும். வார்ப்பிரும்புத் தூண்கள் சில வீடுகளில் பர்மிங்ஹாமிலிருந்து. ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது உள்ளூர்ச் சரக்குதான். சுவரைத் தொட்டுப் பாருங்கள், பளிங்கு மாதிரி குளிர்ந்திருக்கும். சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி எல்லாம் சேர்த்துப் பல பூச்சு பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து தேய்த்திருக்கிறார்கள். நூறு வருஷமாக வெள்ளை அடிக்காமலே பளபளக்கிறது. தரையில் இருக்கும் ஆத்தங்குடிக் கல்லையும் சொல்ல வேண்டும். கண்ணாடிப் பலகை மேல் அச்சு வைத்து, சாயக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளையில் சுடுவதே இல்லை. கண்ணாடி வழவழப்புதான் கல்லுக்கு வருகிறது. இன்றைக்கும் ஆத்தங்குடியில் பட்டறைகளில் பார்க்கலாம். காசு வெளிநாட்டில் சம்பாதித்தாலும் இந்தக் கைத்தொழில்கள் இங்கேயே வளர்ந்திருக்கின்றன.

சரி, வளவைச் சுற்றி இருக்கும் அந்த அறைகளுக்கு வருவோம். எனக்கு இந்த வீட்டிலேயே பெரிய ஆச்சரியம் அதுதான். இவ்வளவு பெரிய வீட்டில் ஒவ்வொரு அறையும் சின்னதாக, ஜன்னல்கூடச் சரியாக இல்லாமல் இருக்கிறது. ஏன் என்றால் அது தூங்குவதற்கான அறை மட்டும் இல்லை, பெட்டகம். கல்யாணம் ஆன ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அறை. அவன் மனைவி கொண்டுவந்த சாமான் எல்லாம் அதில். சாமான் என்றால் எவர்சில்வர், எனாமல், பித்தளை, வெள்ளி என்று ஒரு கடையே வைக்கலாம்.

நகரத்தாரிடம் 'புள்ளி' என்று ஒரு கணக்கு உண்டு. கல்யாணம் ஆன தம்பதி ஒரு புள்ளி. கோயில் வரியைக்கூடப் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான் போடுவார்கள். கல்யாணம் ஆகிக் கொஞ்ச நாளில் புதுத் தம்பதியை 'வேறு வைத்தல்' என்று ஒரு வழக்கம். ஒரே வீட்டுக்குள்ளேயே தனி அடுப்பு, தனி வரவு செலவு! நாம் எல்லோரும் செட்டிநாட்டு வீட்டைக் கூட்டுக் குடும்பத்துக்கு உதாரணமாகச் சொல்கிறோம். உண்மையில் அது ஒரே கூரையின் கீழ் பல கணக்குகள். கல்யாணம், அறுபதாம் கல்யாணம், திவசம் என்றால் வளவும் பட்டாலையும் எல்லோருக்கும் பொது. சமையல் செலவு அவரவர் பாடு. கம்பெனிச் சட்டம் படிக்கும்போது தாய் நிறுவனம், துணை நிறுவனம் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். மாமியாரும் மருமகளும் இதை அப்போதே நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

கணக்கு என்றால் சாதாரணக் கணக்கு இல்லை. சிட்டை, பேரேடு, ஐந்தொகை என்று முழு முறை. 'விலாசம்' என்று ஒவ்வொரு கடைக்கும் முன்னெழுத்துகள் உண்டு, இன்றைய பிராண்ட் மாதிரி. முதலாளி ஊரில் இருப்பார். மேலாள் ரங்கூனிலோ பினாங்கிலோ கடையை நடத்துவார். அவருக்குக் கீழே அடுத்தாள். எல்லாருக்கும் கீழே பெட்டியடிப் பையன். பத்துப் பன்னிரண்டு வயதில் பெட்டியடியில் உட்கார்ந்து ஆரம்பித்தவர்கள் பின்னால் தனிக் கடை போட்டார்கள். மேலாளுக்கு ஒப்பந்தம் மூன்று வருஷம். முடிந்ததும் ஊருக்கு வந்து கணக்கை ஒப்படைக்க வேண்டும். வெளிநாடு போவதையே 'கொண்டுவிக்கப் போறது' என்றுதான் அந்தக் காலத்தில் சொல்வார்களாம். கடையின் லாபத்தில் மகமை என்று ஒரு பங்கு சாமிக்கு. போன ஊரில் எல்லாம் முதலில் தண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டினார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயில் 1859 இல் வந்தது. சாமி கும்பிட மட்டும் இல்லை, வட்டி விகிதம் பேசி முடிவு செய்யவும் கோயிலில்தான் கூடுவார்கள். ரங்கூனில் மாசா மாசம் 'நடப்பு வட்டி' அப்படித்தான் நிர்ணயம் ஆனது. ரிசர்வ் வங்கி வருவதற்கு எவ்வளவோ முன்னால்!

இன்னொரு சின்ன விஷயம். உண்டியல் என்றால் நமக்குக் கோயில் உண்டியல்தான் தெரியும். இவர்களுக்கு அது மாற்றுச்சீட்டு. 1881 ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தை எடுத்து முதல் பிரிவைப் பாருங்கள். கீழைநாட்டு மொழிகளில் எழுதப்பட்ட ஆவணங்களின் உள்ளூர் வழக்கத்தை இந்தச் சட்டம் பாதிக்காது என்று எழுதியிருக்கும். செமஸ்டர் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது அது ஒரு வரி. ஆச்சி வீட்டு முகப்பில் உட்கார்ந்தபோதுதான் அந்த வரி யாருக்காக என்று உறைத்தது.

இனி பர்மா. இதைச் சொல்லாமல் வீடுகளைப் பற்றி எழுதினால் அது டூரிஸ்ட் நோட்டீஸ்.

1852 இல் கீழ் பர்மாவை ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஐராவதி டெல்டா முழுக்கக் காடும் சதுப்பும். 1869 இல் சூயஸ் கால்வாய் திறந்தது, அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை வந்தது. பர்மிய விவசாயிகள் டெல்டாவில் குடியேறிக் காடு வெட்டி வயல் ஆக்கினார்கள். 10 லட்சம் ஏக்கருக்கும் குறைவாக இருந்த நெல் சாகுபடி 1930 வாக்கில் 80 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. பர்மா உலகத்திலேயே அதிக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடாக ஆனது. காடு வெட்ட, மாடு வாங்க, அறுவடை வரை சாப்பிடக் காசு வேண்டுமே? ஆங்கிலேய வங்கிகள் விவசாயிக்குக் கடன் தர மாட்டார்கள். அந்த இடத்தில்தான் செட்டியார் கடை வந்தது. வங்கியிடமும், ஊரில் இருக்கும் உறவுக்காரர்களிடமும், ஆச்சிமார்களின் சீதனப் பணத்திலும் திரட்டி, டெல்டாவின் சின்னச் சின்ன ஊர்கள் வரை கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 1929-30 இல் பர்மாவில் அரசு அமைத்த வங்கி விசாரணைக் குழு, அங்கே செட்டியார்கள் வைத்திருந்த முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அன்றைய 75 கோடி!

இதை மட்டும் படித்தால் வளர்ச்சிக்கு உதவிய கதை. மறுபக்கம் இருக்கிறது. உலகப் பொருளாதார மந்தம் வந்து 1930 இல் நெல் விலை சரிந்தது. கடன் அப்படியே நின்றது, விலை மட்டும் பாதியானது. விவசாயியால் கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்குப் போனது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930 இல் செட்டியார்களிடம் இருந்த நிலம் 6 சதவீதம். 1938 இல் 25 சதவீதம். எட்டே வருஷம். வட்டிக்குக் கொடுத்தவர்கள் நிலம் வாங்கத் திட்டம் போட்டுப் போகவில்லை, அவர்களுக்குத் தேவை பணமாகத் திரும்பி வருவதுதான் என்று சில ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். எனக்கும் அது சரி என்றே படுகிறது. வராக்கடனுக்கு நிலம் வாங்கிக்கொள்வதை எந்த வங்கியும் விரும்பாது. ஆனால் நிலத்தை இழந்தவனிடம் போய் இந்த விளக்கத்தைச் சொல்ல முடியுமா? அவனுக்குத் தெரிந்ததெல்லாம், தாத்தா வெட்டிய காடு இப்போது கடல் தாண்டி இருக்கும் ஒருவர் பேரேட்டில் இருக்கிறது என்பதுதான்.

எங்கள் மலையிலும் இதன் சின்ன வடிவம் உண்டு. சாமையும் தினையும் போட்ட காட்டில் மரவள்ளி வந்தது. கிழங்கு சேலம், நாமக்கல் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்குப் போகிறது. அறுவடைக்கு முன்பே முன்பணம் வாங்கிச் செலவழித்துவிட்டு, கிழங்கு விலை விழுந்த வருஷம் முழிக்கும் ஆள்களை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அதனால் பர்மாத் தேக்குத் தூணைத் தடவிப் பார்க்கும்போது எனக்கு இரண்டு பக்கமும் தெரிந்தது. பன்னிரண்டு வயதில் வீட்டை விட்டுக் கப்பல் ஏறிய பையனும் தெரிந்தான், அடமானப் பத்திரத்தில் கைநாட்டு வைத்த பர்மியனும் தெரிந்தான். இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வர என்னால் முடியவில்லை.

ஒரு வேடிக்கையும் உண்டு. நகரத்தார் தங்கள் பூர்வீகத்தைச் சொல்லும்போது காஞ்சிபுரத்தில் இருந்ததாகவும், அங்கிருந்து காவிரிப்பூம்பட்டினம் போய், பிறகு பாண்டிய நாட்டுக்கு வந்ததாகவும் சொல்வார்கள். எங்கள் மலைச் சனங்களும் (மலையாளி என்று பெயர், கேரளாவுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை!) காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழி என்றுதான் கதை சொல்வார்கள். நகரத்தார் ஊரும் செட்டிநாடு, எங்கள் மலையிலும் வாழவந்தி நாடு, குண்டூர் நாடு என்று நாடு நாடாகத்தான் இருக்கும். நான் இதை ஆச்சியிடம் சொன்னதும், "அப்ப நம்ம ஒண்ணா கிளம்புனவகதான்" என்றார். ஒரே பஸ் ஸ்டாண்டில் கிளம்பி நாங்கள் மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டோம் போல.

வீழ்ச்சி வேகமாக வந்தது. 1937 இல் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தது. 1938 இல் இந்தியர்களுக்கு எதிராகக் கலவரம். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலிலும் கால்நடையாகக் காடு மலை தாண்டியும் ஓடி வந்தார்கள், வழியில் செத்தவர்கள் ஏராளம். சுதந்திர பர்மா 1948 இல் நில உடைமையை நாட்டுடைமை ஆக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1962 இல் நெ வின் ராணுவ ஆட்சி, 1964 இல் கடைகளும் போயின, 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாமல் போயின. ஆச்சியின் அப்பச்சிக்கு ரங்கூனில் கடை இருந்ததாம். "வந்தாக. ஒரு டிரங்குப் பெட்டி கொண்டாந்தாக. அதுல பூராம் பத்திரம். நெலம் அங்க, பத்திரம் இங்க" என்றார். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எல்லாமே போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1906 இல் சென்னையில் அர்பத்நாட் என்ற வெள்ளைக்காரக் கம்பெனி திவாலானபோது, நம்முடையது என்று ஒரு வங்கி வேண்டும் என்று 1907 இல் இந்தியன் வங்கி வந்தது. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்றார், நகரத்தார் முதல் போட்டார்கள். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். ஒரே நாளில் மூன்று கிளைகள்: சென்னை, ரங்கூன், காரைக்குடி. இந்த மூன்று பெயரை ஒன்றாகப் படித்தாலே அந்தக் காலத்துக் காரைக்குடி எப்படிப்பட்ட ஊர் என்று புரியும். பள்ளிக்கூடம், காலேஜ் பக்கம் போனால் 1929 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 1947 இல் காரைக்குடியில் அழகப்பர் தொடங்கிய கல்லூரி. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வருவதற்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அந்த வளாகத்துக்குப் பக்கத்தில் நடக்கும்போது, வீடு கட்டியதைவிட இது நல்ல முதலீடு என்று நண்பன் சொன்னான். நானும் அவன் கட்சிதான்.

இப்போது வீடுகளின் நிலைமை. 2014 இல் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் ஏறின. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தெருவில் நடந்தால், நான்கு வீட்டுக்கு ஒரு வீடு கூரை இறங்கி, முற்றத்தில் மரம் முளைத்துக் கிடக்கிறது. சில இடத்தில் வீடே இல்லை, முகப்பு மட்டும் நிற்கிறது.

"இவ்வளவு பணக்காரர்கள், பழுது பார்க்கக் கூடாதா?" என்று சுலபமாகக் கேட்டுவிடலாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டியவருக்கு மூன்று பிள்ளைகள். அவர்களுக்கு மும்மூன்று. இப்படியே போனால் நாலாவது தலைமுறையில் 81 பங்குதாரர்கள். 1989 இல் தமிழ்நாட்டிலும் 2005 இல் நாடு முழுக்கவும் வந்த வாரிசுரிமைத் திருத்தங்களால் பெண்களுக்கும் பங்கு உண்டு. நியாயமான சட்டம், கையெழுத்து எண்ணிக்கை மட்டும் கூடுகிறது. ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். ஓடு மாற்ற வேண்டும் என்றால் எல்லோரிடமும் வசூல். வருஷத்துக்கு ஒருமுறை சாமி கும்பிட வந்து இரண்டு நாள் தங்கும் வீட்டுக்கு எத்தனை பேர் லட்சக்கணக்கில் போடுவார்கள்? விற்கலாம் என்றால் 81 கையெழுத்து வேண்டும். ஒரே ஒருவர் "எங்க ஐயா கட்டுன வீடு, நான் விடமாட்டேன்" என்றால் முடிந்தது. அவர் சொல்வதும் தப்பில்லையே! புள்ளி புள்ளியாகப் பிரித்து வைத்த முறை, கட்டும்போது சண்டை வராமல் காப்பாற்றியது. காப்பாற்ற வேண்டிய நேரத்தில் அதுவே குறுக்கே நிற்கிறது.

கடைசியில் என்ன ஆகிறது? மழை முடிவு செய்கிறது. கூரை ஒருமுறை ஒழுக ஆரம்பித்தால் சுண்ணாம்புச் சுவர் தாங்காது. சுவர் விழுந்த பிறகு எல்லோருக்கும் மனசு ஒத்துப்போகும். நிலத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் தூணையும் கதவையும் விற்போம் என்று வரும். தேக்குக்கு நல்ல விலை. பிரித்த தூண்கள் நட்சத்திர ஹோட்டல்களுக்கும் பண்ணை வீடுகளுக்கும் போகின்றன. சில வீடுகள் தங்கும் விடுதிகளாக மாறிப் பிழைத்திருக்கின்றன. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் 1996 இல் திறந்த தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பிரித்துக் கொண்டுபோய்த் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். அது நல்ல வேலை. ஆனால் எல்லா வீட்டையும் மியூசியத்தில் வைக்க முடியாது. விடுதியாக மாற்றுவதைச் சிலர் குறையாகப் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், வருமானம் வரும் சொத்துதான் நிற்கும். பூட்டிய அரண்மனையைவிட, சூட்கேஸ் உருட்டிக்கொண்டு டூரிஸ்ட் வரும் அரண்மனை தேவலை.

காகிதம் காப்பாற்றப்பட்ட கதை ஒன்று இருக்கிறது. காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் தொழில். பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று கிடைத்ததை எல்லாம் சேர்த்து வைத்தார். 1992 இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது, ஆனால் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகவில்லை. 1994 இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக ஆனது. தமிழ் அச்சு வரலாறு எழுதுகிறவர்கள் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது.

நடையின் கடைசியில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போங்கள். பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும். எனாமல் அடுக்குச் சட்டி, ரவிவர்மா படம், பல்லாங்குழி, கதவுக் கைப்பிடி, ஜாடி, யார் வீட்டு மாப்பிள்ளையோ கோட்டுப் போட்டு நிற்கும் கறுப்பு வெள்ளை போட்டோ... எல்லாம் விலைக்கு. பேரம் பேசலாம், குறைப்பார்கள். நான் சுற்றிப் பார்த்துவிட்டு, பழைய பேரேடு, கணக்கு நோட்டு ஏதாவது இருக்கிறதா அண்ணே என்று கேட்டேன்.

கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தம்பி, கதவுக்கு ஆள் வருது, தூணுக்கு ஆள் வருது. கணக்கு நோட்டு யாரு வாங்குறா? அதெல்லாம் வீடு பிரிக்கும்போதே எடைக்குப் போயிரும்" என்றார்.

கிலோ என்ன விலைக்குப் போகும் என்று கேட்டு வைத்துக்கொண்டேன். நியூஸ் பேப்பரைவிட இரண்டு ரூபாய் குறைச்சலாம், பழைய காகிதம் பொடிந்துவிடும் என்பதால்.